கதாநாயகியின் தாடி

எங்கள் நாடக சபா எப்படித் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு வரலாறு சொல்வார்கள். பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோகக் கூடாது என்பதற்காகத் தொடங்கினோம் என்பார் அப்பா. அவர்தான் சபாவின் காரியதரிசி, நாடக ஆசிரியர், ஒத்திகை நடத்துபவர், எல்லாம். பஜனை மடத்தில் ஆர்மோனியத்தை யார் வாசிப்பது என்று வந்த சண்டையில் தோற்ற கட்சிதான் பிறகு சபாவாக மாறியது என்று சொல்பவர்களும் உண்டு. அம்மாவின் வரலாறு இன்னும் சுருக்கமானது. ஆபீஸ் விட்டதும் நேராக வீட்டுக்கு வர மனமில்லாத ஆண்களுக்குக் கூடி உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்பாள்.

மூன்றிலும் உண்மை இருக்கலாம். மகாராஜா காலத்து மைசூர் அது. ரயில்வே ஆபீசில் வேலை கிடைத்து ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் மண்டி மொஹல்லாவின் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தன. சபாவுக்கு ஓர் அரிசி மண்டியின் மாடி அறை கிடைத்திருந்தது. மண்டிக்காரர் கன்னடக்காரர். வாடகை கேட்கவில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் முதல் வரிசையில் நடு நாற்காலி தனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டார். தமிழ் அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் சபையில் முதலில் அழுபவர் அவராகத்தான் இருப்பார். கீழே மிளகாய் மூட்டை வந்து இறங்குகிற நாளில் மாடியில் ராஜா, மந்திரி, வில்லன் எல்லோரும் ஒரே சமயத்தில் தும்முவார்கள். அன்றைக்கு ஒத்திகை அதோடு சரி.

அந்தக் காலத்து வழக்கப்படி சபாவில் பெண் வேஷங்களையும் ஆண்களே போட்டார்கள். எங்கள் சபாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கதாநாயகி என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தவர். பகலில் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, மழமழவென்ற முகம், பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காத குரல். புடவை கட்டி மேடையில் ஏறிவிட்டால் அந்தக் குரலே டவுன் ஹாலின் கடைசி பெஞ்சு வரை போகும். ஒரு தடவை நாடகம் முடிந்ததும் பெரிய இடத்து அம்மாள் ஒருத்தி ஆளனுப்பி, அந்தக் கதாநாயகி ரவிக்கையை எந்தத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்தாள் என்று விசாரித்தாள். சபாவின் வரலாற்றில் அப்பா இதைப் பெரிய நிகழ்ச்சியாகச் சொல்வார். ரவிக்கை சின்னம்மாவுடையது. புடவையும் அவளுடைய கல்யாணப் பட்டு. கட்டிவிடுவதும் அவள்தான். வேஷம் கட்டுகிற அறைக்குள் போக உரிமையுள்ள ஒரே பெண் சின்னம்மா. கொசுவத்தை நீவிவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்று தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்து, சரி என்று தலையாட்டினால்தான் மணி அடிப்பார்கள்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் கதாநாயகி தாடி வளர்க்கத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி உண்டாகியிருக்கும்போது புருஷன் முகம் மழிக்கக் கூடாது, தலைமுடி வெட்டக் கூடாது. பிள்ளை பிறக்கிறவரை அப்படியே விட்டுவிட வேண்டும். சிலர் ஐந்தாம் மாதத்துக்கு மேல் ஆரம்பிப்பார்கள். சித்தப்பா விஷயம் தெரிந்த அன்றே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். காரணம் இருந்தது. சின்னம்மாவுக்கு அதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்காமல் போயிருந்தன. இதெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பா கன்னத்தில் கன்னம் வைத்தால் குத்துகிறது என்பதுதான்.

ஆனால் ஒன்றை என் காதாலேயே கேட்டிருந்தேன். அப்பாவுக்கு ஓர் அக்கா, ஜோலார்பேட்டையில் இருந்தாள். வருஷா வருஷம் தசராவுக்கு வருவாள். அத்தைக்குக் குரலும் பெரிது, மனசும் பெரிது. எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. போன வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது கூடத்தில் நின்றுகொண்டு, அடுக்களையில் இருந்த சின்னம்மாவுக்குக் கேட்கும்படியாகவே அம்மாவிடம் சொன்னாள்: “இன்னொரு தபா இப்பிடி ஆச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். வாணியம்பாடியில பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். எந்தம்பி மரம் மாதிரி நிக்கறத என்னால பாக்க முடியாது.” இரண்டாம் தாரம் கட்டுவது அன்றைக்கு யாரும் மூக்கில் விரல் வைக்கிற விஷயமில்லை. எங்கள் சந்திலேயே இரண்டு வீட்டில் நடந்திருந்தது. சின்னம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். கை தவறி இன்னொரு பக்கம் கஞ்சி கொட்டியது.

ஆகவே சித்தப்பாவின் தாடி வீட்டில் எல்லோருக்கும் முக்கியமாக இருந்தது. அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வளர்வதை அம்மா ரகசியமாக சந்தோஷத்தோடு பார்த்தாள். அப்பா ரகசியமாகக் கலவரத்தோடு பார்த்தார். தசராவின்போது டவுன் ஹாலில் ஒரு புது நாடகம் போடுவதாக முடிவாகியிருந்தது. அரண்மனை அதிகாரி ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் பொருட்காட்சி மைதானத்தில் வருஷா வருஷம் சபாவுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருவார்கள். அப்பா ராப்பகலாக எழுதிய நாடகம் அது. காட்டுக்கு விரட்டப்பட்ட ஒரு ராணியின் கதை. ராணி வராத காட்சியே கிடையாது.

தாடி வைத்த ராணியை என்ன செய்வது என்று சபா கூடி ஆலோசித்தது. நானும் அப்பாவோடு போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூட்டத்தின் விசேஷம், தாடி என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அது ஏன் வளர்கிறது என்பதையும் சொன்னதாகும். ஒரு வீட்டுப் பெண் உண்டாகியிருப்பதைப் பற்றி ஆண்கள் கூடிப் பேசுவதா? அதிலும் தம்பி பெண்டாட்டியின் சமாசாரத்தை அண்ணன் வாயில் எடுக்கவே கூடாது. ஆகவே “இப்ப இருக்கற நெலமையில” என்றும் “அந்த ஒரு சங்கடம் இருக்கே” என்றும் பேசினார்கள். சித்தப்பா நடுவில் உட்கார்ந்து, மோவாயைக் கையால் மறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வேறு ஆளைப் போட்டுப் பார்த்தார்கள். வில்லன் வேஷம் போடுகிற பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பாடம் முழுக்க மனப்பாடம். ஆனால் அவர் “நாதா” என்று கூப்பிட்டதும் கீழே மண்டியில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள் யாரோ அதட்டுகிறார்கள் என்று பயந்து நின்றுவிட்டார்கள். அப்பா கதையை மாற்றி எழுதத் தொடங்கினார். காட்டுக்குப் போன ராணி தன் கற்பைக் காத்துக்கொள்ள ஆண் முனிவராக வேஷம் போட்டுக்கொள்கிறாள் என்று வைத்தார். இது எல்லோருக்கும் பிடித்தது. அரண்மனைக் காட்சிகளில் ராணி திரைக்குப் பின்னாலிருந்து பேசட்டும் என்று வைத்தார். இதுவும் ஒருவாறு ஒப்புக்கொள்ளப்பட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மண்டிக்காரர், தன் அரைத் தமிழில், ராணி மொகமே காட்ட மாட்டா அந்த்ரே, காட்ட மாட்டான்னா, நான் யாரப் பார்த்து அழறது என்று கேட்டார்.

அன்றாடம் யாராவது ஒருவர் சித்தப்பாவைத் தனியாகப் பிடித்துச் சுற்றி வளைத்துப் பேசிப் பார்ப்பார்கள். இந்தக் காலத்தில் படித்தவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்பார்கள். மெட்ராசில் இப்படி, பெங்களூரில் அப்படி என்பார்கள். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பிறகு முடியாது என்று மெல்லச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். அப்பா மட்டும் தம்பியிடம் கேட்கவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் இருந்தார் என்பதாலோ, கேட்டால் தம்பி தட்ட மாட்டான் என்ற பயத்தாலோ, தெரியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவர் பெருமூச்சு விட்டதற்கே அம்மா “சும்னே இருங்க” என்று அடக்கினாள். அம்மா மைசூரிலேயே பிறந்தவள். கோபம் வந்தால் பாதி கன்னடம்தான்.

நவராத்திரி தொடங்கியது. அத்தை இந்தத் தடவை பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்துவிட்டு அங்கிருந்து மைசூர் வருவதாக ஏற்பாடு. காதுகுத்துக்கு அம்மாவும் போனாள். திரும்பும்போது அத்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டில் அப்பா, சித்தப்பா, சின்னம்மா, நான். அப்பாவுக்கு வீடு என்ற நினைப்பே அப்போது இல்லை. ஆபீசிலிருந்து நேராக மண்டி மாடிக்குப் போவார். நான் தூங்கின பிறகுதான் வருவார், நான் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். சின்னம்மா உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டதற்கு ம் என்றாள், திரும்பவில்லை. ஆபீசில் இருக்க வேண்டிய சித்தப்பா கொல்லைப்புறக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவர் துணி துவைத்து நான் பார்த்ததில்லை. துவைக்கவும் தெரியவில்லை. ஒரு போர்வையை முறுக்குவதும் விரிப்பதும் மறுபடி தண்ணீரில் அமுக்குவதுமாக இருந்தார். குழாயடி முழுக்க தண்ணீர் செக்கச்செவேல் என்று ஓடியது.

என்ன சித்தப்பா என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு சாதாரணமாகவே சொன்னார். சபாவுக்குத் திரைச்சீலையில் பூசச் சாயம் கலக்கினாராம், கை தவறிப் போர்வைமேல் கொட்டிவிட்டதாம். அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள், சொல்லிவிடாதே என்றார். சபாவின் சாயம் எங்கள் வீட்டில் கொட்டுவது புதிதல்ல. போன வருஷம் அப்பா ஒரு வாளி நீலத்தைக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். பெரியவர்களின் ரகசியம் ஒன்றில் எனக்கும் பங்கு கிடைத்ததில் பெருமைதான். சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்று சாயங்காலம் சித்தப்பாவே கஞ்சி வைத்தார். உப்பில்லாமல் இருந்தது. சின்னம்மாவைத் தூக்கி உட்காரவைத்து ஊட்டிவிட்டார். பெரியவர்களுக்கு ஊட்டுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் நான் பல் தேய்க்கக் கொல்லைப்புறம் போனபோது சித்தப்பா முக்காலிமேல் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. கையில் சவரக் கத்தி. முகத்தில் பாதி சோப்பு நுரை, மறு பாதி வெறும் கன்னம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வழக்கத்தின் காரணம் தெரியாவிட்டாலும், சித்தப்பா தாடி எடுக்கக் கூடாது, எடுத்தால் சின்னம்மாவுக்கு ஏதோ கெடுதல் வரும் என்ற அளவுக்கு அம்மா வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன்.

சின்னம்மா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் துவைகல்லுக்கு இந்தப் பக்கம் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

“வேணாங்க” என்றாள் சின்னம்மா. “வேணாம், சொல்றதக் கேளுங்க. எல்லாம் உங்களத்தான் பேசுவாங்க.”

சித்தப்பா கத்தியை நிறுத்தவில்லை. “பேசட்டும்” என்றார். “என்னத்தானே பேசுவாங்க.”

அவள் மறுபடி வேணாங்க என்றாள். அப்புறம் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், நிலைப்படியில் நெற்றியை முட்டிக்கொண்டு. சித்தப்பா மறு கன்னத்தையும் மழித்து முடித்துத் துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் முகம் நனைந்துகொண்டே இருந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லையே, நாடகம் என்றால் அப்படி என்ன பைத்தியம் என்று அம்மா சொல்வதை நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா மண்டி மாடிப்படி ஏறி வந்தபோது நான் அங்கே இருந்தேன். பார்சல் குமாஸ்தா தலையிலிருந்த பொய்க்கொண்டையைக் கழற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். அப்பா கையில் முனிவர் வேஷத்துக் காட்சிகள் இருந்தன. அவற்றை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பழைய பிரதியை எடுத்தார். தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். முதல் காட்சி என்று அவர் சொன்னது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. சபாவுக்காகத் தன் தம்பி எதைப் பணயம் வைத்துவிட்டான் என்று அவர் நினைத்தார். கடைசிவரை அப்படித்தான் நினைத்தார்.

நாடகத்தன்று அம்மாவும் அத்தையும் ரயிலிலிருந்து இறங்கி, சாமான்களை வீட்டில் போட்டுவிட்டு நேராக டவுன் ஹாலுக்கே வந்துவிட்டார்கள். சின்னம்மா வரவில்லை. இந்த நிலைமையில் கூட்டத்துக்கு வரக் கூடாது என்பதால் அம்மாவும் வற்புறுத்தவில்லை. நாங்கள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். திரை விலகியது. அரண்மனைத் தோட்டத்தில் ராணி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அம்மா என் காதருகே, யாரைப் போட்டிருக்கிறார்கள், கொசுவம்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்றாள். ராணி திரும்பினாள். மழமழவென்ற சித்தப்பாவின் முகம்.

அத்தை மார்பில் அறைந்துகொண்டு எழுந்துவிட்டாள். அம்மா அவளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். “அய்யோ, குடிய கெடுத்துட்டானே” என்று அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முனகியது மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். மேடையில் ராணிக்கு அது கேட்டதா என்று தெரியாது. அன்று சித்தப்பா நடித்ததைப்போல அதற்கு முன்னும் யாரும் நடிக்கவில்லை, பின்னும் நடிக்கவில்லை என்று சபாக்காரர்கள் பல வருஷம் பேசினார்கள். காட்டுக் காட்சியில் ராணி மரத்தடியில் தனியாக உட்கார்ந்து பாட வேண்டும். பாட்டின் நடுவில் சித்தப்பா நிறுத்திவிட்டார். ஆர்மோனியம் இரண்டு தடவை சுற்றி வந்தது. அவர் பாடவில்லை, அழுதார். முதலில் மண்டிக்காரர், அப்புறம் அரண்மனை அதிகாரி, அப்புறம் சபை முழுக்க அழுதது. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

மறுநாள் காலை சின்னம்மா அம்மாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். இதுவும் தங்கவில்லை என்று. எப்போது என்று அம்மா கேட்டிருப்பாள். அவள் என்ன சொன்னாளோ, நேற்று ராத்திரி என்றுதான் வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். கதாநாயகி வேஷம் கலைத்து வீடு வந்த ராத்திரி.

அத்தை கூடத்து நடுவில் சித்தப்பாவை நிற்கவைத்தாள். அப்பா தூணோரம் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். அத்தை கத்தியது சந்து முழுக்கக் கேட்டது. இவள் உடம்பில் குறை என்று இத்தனை நாள் நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றாள். போன இரண்டு தடவையும் இவன் எந்தெந்த நாடகத்துக்கு மழித்துக்கொண்டு போனானோ என்றாள். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. அவருக்கும் அந்த நாளில் தம்பி கட்டிய ஒரு வேஷம் நினைவுக்கு வந்திருக்கும். சித்தப்பா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. கைகட்டி நின்றார்.

அத்தைக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. சின்னம்மா ஏன் தடுக்கவில்லை? நாடகத்துக்குப் புடவை கட்டிவிடுகிறவள் ஆயிற்றே, இவளுக்கும் அந்தப் பைத்தியம் உண்டோ? கதவோரம் நின்ற சின்னம்மாவைப் பார்த்து, நீயும் சரின்னு சொன்னியா என்று கேட்டாள். சின்னம்மா வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று பார்த்தால், சித்தப்பா சட்டென்று தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சின்னம்மா என்னைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிடுகிறவள். அவள்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? நான் கூடத்து நடுவில் போய் நின்று சொன்னேன்: “சின்னம்மா வேணாம் வேணாம்னு அழுதாங்க அத்தை. நான் பாத்தேன். சித்தப்பாதான் கேக்கவே இல்ல.”

அத்தோடு விசாரணை முடிந்தது. அத்தை ஓடிப்போய் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு, என் கண்ணே, உன்னை என்னவெல்லாம் பேசிவிட்டேன் என்று அழுதாள். அந்தத் தசரா முழுக்கப் பத்தியச் சமையல் செய்து, சின்னம்மாவைப் படுக்கையை விட்டு எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொண்டாள். வாணியம்பாடிப் பெண்ணின் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. இனிமேல் பெண் வேஷம் கட்ட மாட்டேன் என்று சித்தப்பாவிடம் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அத்தை ஊருக்குப் போனாள்.

சபாவுக்குப் பொருட்காட்சி மைதானத்தில் ஒரு நாள் கிடைத்தது. ஆனால் கதாநாயகி இல்லை. வேறு சபாக்கள் அடுத்த தலைமுறைக் கதாநாயகியைத் தேடின, எங்கள் சபா கதாநாயகி தேவைப்படாத கதைகளைத் தேடியது. பிரம்மச்சாரிகள், சன்னியாசிகள், போர்க்களங்கள் என்று அப்பா எழுதிக் குவித்தார். மண்டிக்காரர் வந்து உட்கார்ந்தார், அழவில்லை. சித்தப்பா திரைக்குப் பின்னால் நின்று பாடம் எடுத்துக்கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். அவருடைய மெல்லிய குரல் அதற்குப் போதவில்லை என்று நடிகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். நாளடைவில் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். சில வருஷங்களில் மாடி அறையில் மறுபடி மூட்டைகள் ஏறின.

இடையில் சித்தப்பா இன்னொரு தடவை தாடி வளர்த்தார். இந்தத் தடவை அது மார்பைத் தொட்டது. பையன் பிறந்தான். பார்த்தாயா, கத்தி படாமல் இருந்தால் பிள்ளை தங்குகிறது என்று அத்தை ஜோலார்பேட்டையிலிருந்து வந்து எல்லோருக்கும் நிரூபித்துக் காட்டினாள். சித்தப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நானும் அதை நம்பினேன். ரொம்ப வருஷம் நம்பினேன்.

கல்யாணமாகி அரசிக்கெரெயில் ரயில்வே குவார்ட்டர்சில் இருந்தபோது எனக்கும் ஒன்று தங்காமல் போயிற்று. வீட்டில் யாரும் இல்லை. நானே குழாயடியில் உட்கார்ந்து துவைத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. முதலில் வந்தது போர்வை, மறுநாள்தான் சவரக் கத்தி. நான் இரண்டையும் பார்த்திருந்தேன். பார்த்தது நான் ஒருத்திதான். அவர் தாடியை எடுத்ததால் போகவில்லை. போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் எடுத்தார். அத்தை வந்து இறங்குவதற்குள், ஊர் பேசுவதற்கு ஒரு காரணத்தைத் தன் முகத்தில் தயாராக வைத்துக்கொண்டார். நான் அழுதேன். எனக்காக மட்டும் அழவில்லை. அப்போது சித்தப்பா போய்ச் சேர்ந்து வெகு நாள் ஆகியிருந்தது.

கூடத்தில் நான் சாட்சி சொன்ன அன்று, எல்லோரும் கலைந்துபோன பிறகு, சித்தப்பா என்னைக் கூப்பிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். விஜயதசமி அன்று ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்க என்னை அவரே அழைத்துப் போனார். கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தோள்மேல் தூக்கிவைத்துக்கொண்டார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. குனிந்து, என்மேல் கோபம் இல்லையா சித்தப்பா என்று கேட்டேன்.

“எதுக்குக் கோவம்?” என்றார். “நீ நல்ல பொண்ணு. பாத்தத அப்பிடியே சொன்னே.”

அவர் என் காலை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போது பாண்டு வாத்தியம் நெருங்கிவந்தது. செய்த தப்புக்கு அவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா என்று கீழே பார்த்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. அதற்குள் அம்பாரி யானை வந்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினேன்.